மலிவு தினார்

யதுல்லா கர்பலாவுக்குப் போவதாக இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அந்த வாரம் மலாயர் ஊரில் அவரைப் பார்த்தவர்கள் எல்லோரும் அவர் போகிறார் என்றே நினைத்தார்கள்.

இமாம் ஹுசைனின் நாற்பதாம் நாள் துக்கத்துக்கு எல்லை தாண்டிக் கர்பலாவுக்கு நடந்து போகிறவர்களுக்கு, ஆளுக்கு இரண்டு லட்சம் இராக் தினாரை அரசாங்கம் மலிவு விலையில் கொடுத்துக்கொண்டிருந்தது. பெயரைப் பதிய வேண்டும், பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும், வங்கியில் ஈரான் பணமான தொமானைக் கட்ட வேண்டும். அவ்வளவுதான். அதே தினாரை ஹமதான் கடைத்தெருவில் கொடுத்தால் கட்டிய பணத்துக்கு மேலே ஒரு நல்ல தொகை கையில் நிற்கும். எல்லையைத் தாண்டினாயா, கால் கொப்பளித்ததா என்று யாரும் பார்க்கப் போவதில்லை. இதையெல்லாம் யதுல்லாவுக்குச் சொல்லிக் கொடுத்தவன் அவருடைய மனைவி தூபாவின் தம்பி நாதிர்.

"அத்தான், பேர் குடுத்தவன் எல்லாம் நெஜமாவே போனான்னா கர்பலா தாங்காது. நாம போகாம இருக்கறதே அந்த ஊருக்குச் செய்யுற உபகாரம்" என்று சிரித்தான் நாதிர்.

தூபாவுக்கு முன்பல் இரண்டு விழுந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. சிரிப்பு வந்தால், தலையிலிருந்து போர்த்தியிருக்கும் சாதரின் ஓரத்தை வாய்க்கு இழுத்துக்கொள்வாள். புதுப் பல் வைக்க மருத்துவர் சொன்ன தொகைக்கும், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் பங்குத் தினாரில் கிடைக்கும் லாபத்துக்கும் அதிக தூரம் இல்லை. யதுல்லா மொட்டைமாடிகளில் வைக்கிற தண்ணீர்க் கூலர்களைப் பழுது பார்ப்பவர். கோடை முடிந்தால் வேலையும் முடிந்துவிடும். கோடையின் கடைசி மாதமான ஷஹ்ரிவர் பிறந்து, திராட்சைத் தோட்டங்களில் அறுப்பு ஆரம்பித்திருந்தது. இனி அடுத்த வருஷம்தான் மொட்டைமாடி ஏற வேண்டும்.

அதனால் வரிசையில் நின்றார். கவுன்ட்டரில் இருந்த பெண் தினார் கட்டை நீட்டும்போது தலை நிமிர்ந்து, "உங்க யாத்திரைய ஆண்டவன் ஏத்துக்கட்டும், மாமா. எங்களுக்கும் துஆ கேளுங்க" என்றாள். அவள் அன்று காலையிலிருந்து நூறு பேருக்கு அதைச் சொல்லியிருப்பாள். ஆனாலும் யதுல்லா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "கண்டிப்பாக் கேக்கறேன், என் கண்ணு மேல" என்று கட்டைப் பார்த்துச் சொன்னார்.

பின்னால் இருந்து ஒரு கை தோளில் விழுந்தது.

"உஸ்தா! நீங்களுமா! சொல்லவே இல்லையே!"

அது ஹாஜி முராத். அவர்கள் சந்தின் முனையில் மளிகைக்கடை வைத்திருப்பவர். ஹாஜி முராதிடம் ஒரு விஷயம் போனால், அன்று மதிய ரொட்டி ஆறுவதற்குள் சந்து முழுக்கப் போய்விடும்.

"இன்னும் ஒண்ணும் முடிவில்ல ஹாஜி…"

"தினார் கையில இருக்கு, முடிவில்லையாம்! கேட்டீங்களாப்பா? வாழ்நாள் முழுக்க மொட்டமாடிலயே நின்ன மனுசன், இப்பத்தான் தரையில நடக்கப் போறார்!"

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு, அன்பான சிரிப்பு. யதுல்லாவும் சிரித்தார். அவர் மறுத்திருக்கலாம். அப்போதே மறுத்திருக்கலாம் என்று பின்னால் பல தடவை நினைத்துக்கொண்டார். ஆனால் அவர் சுபாவமே அதுதான். பேச வேண்டிய இடத்தில் அவருக்கு வாய் வராது.

மதியம் வீட்டுக்கு வந்தபோது பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சின்னப் பையில் கற்கண்டு வந்திருந்தது, இமாமின் வாசலில் வைத்து எடுத்து வர. எதிர்வீட்டிலிருந்து பச்சைத் துணி, அங்கே ஜன்னலில் கட்ட. தூபா எல்லாவற்றையும் சமையலறை மேடையில் வரிசையாக வைத்துவிட்டு, அதைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"நான் என்ன பண்ணட்டும்? வேணாம்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு கேட்டா என்ன சொல்றது?"

"நாதிர் என்ன சொன்னான்?"

"பத்து நாள் அவன் திராட்சத் தோட்டத்துல போய் ஒளிஞ்சுக்கலாம்னு சொல்றான். மெஹ்ரான் எல்லையத் தாண்டிட்டோம்னு எல்லாரும் நெனச்சுப்பாங்களாம்." சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்து, சாதர் ஓரம் வாய்க்குப் போனது. பிறகு முகம் மாறியது. "இங்க பாருங்க. இதுக்கு மேல ஹலால் கேக்காம இருக்க முடியாது. யாத்திர போறவன் நாலு வீட்டுக் கதவத் தட்டாமப் போனா ஜனங்க என்ன பேசும்? போய்க் கேட்டுட்டு வந்துருங்க. என்ன இப்போ, வாய் வார்த்ததானே."

அங்கே அது வழக்கம். தூரப் பயணம் போகிறவன், அதுவும் புனித யாத்திரை போகிறவன், கிளம்புவதற்கு முன் சொந்தக்காரர் வீட்டுக்கும் அண்டை வீட்டுக்கும் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்பான். இன்ன பிழை என்று பெயர் சொல்ல வேண்டியதில்லை. எங்ககிட்ட நல்லது கெட்டது பாத்திருப்பீங்க, ஹலால் பண்ணிடுங்க என்பான். ஹலால்தான், தாய்ப்பால் மாதிரி ஹலால் என்று எதிரே இருப்பவர் சொல்வார். தேநீர் வரும். எழுந்து வந்துவிடலாம். அந்தச் சொல்லைக் கொடுக்காதவர்கள் ஊரில் அரிது. அதனாலேயே அதை வாங்கிக்கொள்வது சுலபம்.

மறுநாள் சாயங்காலம் யதுல்லா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். முதல் வீட்டில் நாக்கு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது வீட்டில் கொஞ்சம் தேவலை. மூன்றாவது வீட்டில் தானாகவே வந்தது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. இவ்வளவு சீக்கிரம் பழகிவிட்டதே என்று நினைத்தார். நாலாவது கதவு நீல நிறம். அதைத் தாண்டிப் போய்விட நினைத்து, இரண்டடி தாண்டியும் விட்டார்.

அந்த நீலக் கதவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அது சப்ஸ்அலியின் வீடு. சப்ஸ்அலி இரண்டு குளிர்காலத்துக்கு முன் இறந்துபோனார். சந்தூக்கைத் தூக்கியவர்களில் யதுல்லாவும் ஒருவர். இப்போது அங்கே இருப்பது மகள் மாஹ்ருக் மட்டும். சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிறாள். முப்பத்தெட்டு வயது.

ஒன்பது வருஷத்துக்கு முன், இதே மாதிரி கோடை முடியும் சமயத்தில், மாஹ்ருக்கை ஹமதானிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். பேச்சு முடிந்து, மோதிரம் போடும் தேதிவரை வந்துவிட்டது. அதற்கு முன் மாப்பிள்ளையின் அப்பா சந்துக்குள் வந்தார், விசாரிக்க. அதுவும் வழக்கம்தான். பெண் வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில், கடைக்காரரிடம், வேலைக்காரரிடம் கேட்பார்கள். அந்த மனிதர் முதலில் கண்டது யதுல்லாவைத்தான். யதுல்லா தன் வீட்டு வாசலில் ஒரு கூலரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"உஸ்தா, களைப்பு தெரியாம இருக்கட்டும். சப்ஸ்அலி வீட்டப் பத்திக் கொஞ்சம் கேக்கணும். நல்ல காரியம்."

அந்த வாரம்தான் சப்ஸ்அலி தன் வீட்டுக் கூலருக்கு வேறொரு ஆளைக் கூப்பிட்டிருந்தார். பன்னிரண்டு வருஷம் யதுல்லா பார்த்த கூலர். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. யதுல்லா வைக்கிற வைக்கோல் தட்டி நாற்றமடிக்கிறது என்று ரொட்டிக்கடை வரிசையில் நாலு பேர் கேட்கச் சொல்லியும் இருந்தார். அது யதுல்லாவின் தொண்டையில் முள்ளாக நின்றது.

யதுல்லா கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். கையைத் துணியில் துடைத்தார். தரையைப் பார்த்தார். அந்தப் பெண்ணைப் பற்றி அவருக்கு ஒரு கெட்டதும் தெரியாது. நல்லதுதான் தெரியும். நல்ல குடும்பம், தங்கமான பெண், கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கள் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த மூச்சை அவர் உள்ளேயே வைத்துக்கொண்டார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. எதிரே நின்றவரின் முகம் மெல்ல மாறுவது தரையைப் பார்த்துக்கொண்டே அவருக்குத் தெரிந்தது. கடைசியில் சொன்னார்:

"ஆண்டவனறிய, நான் என்னத்தச் சொல்ல."

அவ்வளவுதான். அந்த மனிதர் நன்றி சொன்னார். வேறு எந்தக் கதவையும் தட்டாமல் வந்த வழியே திரும்பிப் போனார். மறு வாரம் ஹமதானிலிருந்து ஒரு போன் வந்தது. ஜாதகமா நட்சத்திரமா, அங்கே அதெல்லாம் கிடையாது. எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை என்றார்கள், முடிந்தது. அதற்குப் பிறகு வந்த இரண்டு வரன்களும், முதல் வரன் ஏன் போனது என்று கேட்டுவிட்டுப் போனவர்கள்தான்.

நான் ஒரு வார்த்தை கெட்டதாகச் சொல்லவில்லை. ஒன்பது வருஷமாக யதுல்லா தனக்குத்தானே சொல்லிக்கொண்ட வாக்கியம் அது. அதில் பொய் இல்லை. பொய் இல்லாததாலேயே அதை விட்டு அவரால் வெளியே வர முடியவில்லை.

"உஸ்தா! எங்க வீட்ட மட்டும் தாண்டிப் போறீங்க?"

நீலக் கதவு திறந்திருந்தது. மாஹ்ருக் குப்பைப் பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"இல்ல… வந்துட்டுதான்…"

"நீங்க கர்பலா போயிட்டா இந்தச் சந்துல கூலர யாரு பாக்கறது? இமாமோட வீட்டு மாடிலயும் ஏறி எதையாவது பிரிச்சுப் போட்டுறாதீங்க."

அவளுக்கு எப்போதும் இப்படித்தான் பேச்சு. யதுல்லா கையைப் பிசைந்துகொண்டு வாசல்படிக்கு வெளியே நின்றார். சொல்ல வேண்டியதைச் சொன்னார். மற்ற மூன்று வீட்டில் சொன்ன அதே வார்த்தைகள். இந்த முறை அவை தானாக வரவில்லை. ஒவ்வொன்றையும் கல்லைப் புரட்டுவது மாதிரிப் புரட்டி எடுத்தார்.

மாஹ்ருக் சிரிப்பதை நிறுத்தினாள்.

"உங்களுக்கா? உங்களுக்கு ஹலால் பண்ண என்ன இருக்கு உஸ்தா? இந்தச் சந்துல யாரு மேலயும் மனத்தாங்கல் இல்லன்னு சொன்னா பொய். ஆனா உங்க பேரு அதுல இல்ல. அப்பா சாகறவரைக்கும், யதுல்லா யாரு வம்புக்கும் போகாத ஆளுன்னு சொல்வாரு." குரலைத் தாழ்த்தினாள். "அங்க போனா எனக்காக ஒண்ணு கேளுங்க. அன்னிக்கு ஹமதான்காரர்கிட்ட வாயத் தொறந்தது யாருன்னு எனக்குத் தெரியும். ஒரு வார்த்த கேக்காமலே ஒன்பது வருஷமா அவங்க வீட்டு முன்னாடி நடக்குறேன். அத மனசுலேர்ந்து எடுத்துறச் சொல்லி இமாம்கிட்ட கேளுங்க. என்னால தானா முடியல."

"யாரு…?"

அவள் கண்ணால் மட்டும் காட்டினாள். சந்தின் அந்தப் பக்கம், எக்லீமின் வீடு. எக்லீம் விதவை. கொஞ்சம் வாய் நீளம். அது எல்லோருக்கும் தெரியும். அன்று ஹமதான்காரர் வந்தபோது எக்லீம் ஊரிலேயே இல்லை என்பது யதுல்லாவுக்குத் தெரியும். வேறு யாருக்கும் அது ஞாபகம் இருக்கக் காரணமில்லை.

அவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

"தாய்ப்பால் மாதிரி ஹலால், உஸ்தா" என்றாள் மாஹ்ருக். "நல்லபடியாப் போயிட்டு வாங்க."

யதுல்லா மீதி வீடுகளுக்குப் போகவில்லை.

அடுத்த நாள் காலை நாதிர் வந்தான், தினாரை வாங்கிக்கொண்டு ஹமதான் போக. வாசலில் அவனுடைய வண்டி இரைந்துகொண்டே நின்றது.

"அத்தான், ரேட் இன்னிக்கு நல்லா இருக்கு. போறவன் எல்லாம் போய்ச் சேந்துட்டான்னா கீழ எறங்கிரும். குடுங்க."

"இரு, நாதிர்."

"எத்தன நாளு? அது என்ன ஊறுகாயா, இருக்க இருக்க ருசி ஏறுறதுக்கு?"

"இருன்னு சொன்னேன்ல."

நாதிர் அக்காவைப் பார்த்தான். தூபா தேநீர்க் குவளையை அவன் முன் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "நெஜமாவே போயிட்டு வந்துறலாமான்னு யோசிக்கிறேன். மசூதி பஸ்ஸுல இடம் இருக்காம். வெள்ளிக்கிழமை கெளம்புது. பல்லு எங்க போயிறப் போவுது? இல்லாத பல்லு."

"ரெண்டு பேருக்கும் பைத்தியம் புடிச்சிருக்கு" என்றான் நாதிர். தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

போய்விட்டு வருவது. யதுல்லாவுக்கு அது திறந்த கதவு மாதிரித் தெரிந்தது. நிஜமாகவே போய்விட்டால் வங்கிப் பெண்ணுக்குச் சொன்ன பதில் பொய்யில்லை, கற்கண்டும் பச்சைத் துணியும் பொய்யில்லை, மூன்று வீட்டில் வாங்கிய ஹலாலும் பொய்யில்லை. வெறும் காலால் நடந்தால் இன்னும் நல்லது. நாலாவது வீட்டுக்காக என்று மனதில் நினைத்துக்கொண்டு நடக்கலாம். அந்த நாள் முழுக்க அவர் அந்த யோசனைக்குள்ளேயே இருந்தார். மொட்டைமாடியில் தன் கூலரின் பக்கத்தில் உட்கார்ந்து, உலரப் போட்டிருந்த துணிகள் காற்றில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிட்டத்தட்ட சமாதானமாகியிருப்பார். அன்று அஸர் தொழுகை நேரத்தில் எக்லீம் வராமல் இருந்திருந்தால்.

எக்லீம் மூச்சு வாங்கப் படியேறி வந்து, மேல்படியில் உட்கார்ந்தாள்.

"கீழ தேடினேன், இங்க வந்து காக்கா மாதிரி உக்காந்திருக்கீங்க. உஸ்தா, எல்லா வீட்டுக்கும் போனீங்களாம், என் வீட்டுக்கு வரல. நான் என்ன, செத்துட்டேனா? சரி, வராட்டிப் போங்க, நானே வந்துட்டேன். எனக்கு நீங்க ஹலால் பண்ணிடுங்க. இந்த நாக்கு இருக்கே, யாரப் பத்தி என்ன பேசினேன்னு எனக்கே தெரியாது."

"ஐயோ அக்கா, நீங்க என்ன…"

"அங்க போனா ஒண்ணே ஒண்ணு கேளுங்க." அவள் சாதரின் நுனியைக் கசக்கினாள். இவ்வளவு நீளமான வாய்க்காரி வார்த்தை தேடுவதை யதுல்லா முதல் தடவையாகப் பார்த்தார். "அந்த சப்ஸ்அலி பொண்ணு. ஒன்பது வருஷமா என் சலாமுக்குப் பதில் சொல்றதில்ல. முஹர்ரத்துக்கு நான் காய்ச்சுற ஆஷ் கூழ கிண்ணத்தோட திருப்பி அனுப்பிருவா. அவ அம்மா செத்தப்போ நான்தான் அவளுக்குத் தல வாரிவிட்டேன். நான் என்ன பண்ணேன்னு கேட்டா பதிலே இல்ல. அவ மனச இளக்கச் சொல்லிக் கேளுங்க. காரணத்தச் சொல்லிட்டாப் போதும். அடிச்சாலும் வாங்கிக்கறேன்."

எக்லீம் இறங்கிப் போனபின் யதுல்லா எழுந்திருக்கவில்லை.

ஒருத்தி மறக்கக் கேட்கிறாள், இன்னொருத்தி காரணம் கேட்கிறாள். இரண்டையும் தூக்கிக்கொண்டு பாலைவனம் தாண்டி நடக்க வேண்டுமாம். எதற்கு? இரண்டு வேண்டுதலும் வந்து சேர வேண்டிய இடத்துக்கே வந்துவிட்டன. கொடுக்கக்கூடியவர் கர்பலாவில் இல்லை, மலாயரில் ஒரு மொட்டைமாடியில் உட்கார்ந்திருக்கிறார். நிஜமாகவே போய்த் திரும்பினாலும், மாஹ்ருக் ஹலால் செய்தது அவளுக்குத் தெரிந்த ஒரு யதுல்லாவுக்குத்தான். வம்புக்குப் போகாத அந்த நல்ல மனிதருக்குக் கொடுத்ததை இவர் எடுத்துக்கொண்டு நடந்தால், அதுவும் மலிவு விலையில் வாங்கியதாகவே இருக்கும்.

வியாழக்கிழமை சுகாதார நிலையம் மதியத்தோடு மூடிவிடும். மாஹ்ருக் வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று தெரிந்தபின் யதுல்லா போய் நீலக் கதவைத் தட்டினார்.

"உஸ்தா? நாளைக்குத்தானே பஸ்ஸு?"

"நான் போகல."

"ஏன், உடம்புக்கு முடியலையா?"

"போறதா இருந்ததே இல்ல. தினார் வாங்கி விக்கலாம்னுதான் பேரு குடுத்தேன்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"இதச் சொல்லவா இப்படி வேர்த்து ஊத்த வந்தீங்க? எங்க ஆபீஸுல பாதிப் பேரு அதத்தான் பண்ணியிருக்காங்க. எங்க டாக்டர் அவரோட மாமியார் பங்கையும் சேத்து வித்துட்டார்." சிரிப்பு அடங்கியதும் புருவம் நெரிந்தது. "அப்ப எதுக்கு வந்து ஹலால் கேட்டீங்க?"

"அன்னிக்குக் கேட்டது ஊருக்காகக் கேட்டது. அது செல்லாது. இன்னிக்குக் கேக்க வந்தேன்." யதுல்லா கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டார். "அந்த ஹமதான்காரர் எக்லீம் வீட்டுக்குப் போகவே இல்ல. எக்லீம் அப்ப மக வீட்டுல, அராக் ஊருல இருந்தா. அவர் என்கிட்டதான் வந்தார். என்கிட்ட மட்டும்தான்."

சந்தில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். மாஹ்ருக் வாசல்படிக்கு வந்தாள்.

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

அவள் புரிந்துகொண்டது அவருக்குத் தெரிந்தது. விசாரிக்க வந்தவரிடம் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று அந்த ஊரில் பிறந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

"எவ்வளவு நேரம்?" என்றாள்.

"என்ன?"

"எவ்வளவு நேரம் ஒண்ணும் சொல்லாம இருந்தீங்க?"

இந்தக் கேள்வியை யதுல்லா ஒன்பது வருஷத்தில் தன்னைக் கேட்டுக்கொண்டதே இல்லை. "ஒரு தேநீர் ஆறுற நேரம்" என்றார். "அப்புறம், நான் என்னத்தச் சொல்லன்னு கேட்டேன்."

"எதுக்கு?"

"உங்க அப்பா கூலருக்கு வேற ஆளக் கூப்பிட்டாரு."

"கூலருக்கா?"

"கூலருக்கு."

கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கதவை அறைந்து சாத்தினால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அப்பா அது தன்னோட தப்புன்னு நெனச்சார், தெரியுமா? மாப்பிள்ள வீட்டுல மஹர் தங்கக்காசு அதிகமாக் கேட்டுட்டோம், அதான் ஓடிட்டாங்கன்னு. ஆஸ்பத்திரியில கடைசியா நெனவு இருந்தப்பக்கூட அதத்தான் சொன்னார். நூறு கேட்டிருக்க வேணாம், அம்பது கேட்டிருக்கலாம்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஆமாம்பா, நீங்க அதிகமாத்தான் கேட்டீங்கன்னு சொன்னேன். அன்னிக்கு எனக்குக் கோவம்."

யதுல்லாவுக்கு இது தெரியாது. தெரிந்திருக்க வழியும் இல்லை. தான் செய்தது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க அவர் திரும்பியதே இல்லை.

"மாஹ்ருக்…"

"அன்னிக்குக் குடுத்தேன்ல, தாய்ப்பால் மாதிரின்னு. அதத் திருப்பி எடுத்துக்கறேன்." குரல் நடுங்கவில்லை. குழந்தைக்கு ஊசி போடும் முன், தாயிடம் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லும் குரல் அது. "இன்னிக்கு இல்ல. எப்பவாவது உண்டான்னு எனக்குத் தெரியாது. கேக்காதீங்க. வழிய விடுங்க."

அவர் விலகினார். அவள் வீட்டுச் செருப்போடு, தலைத்துணியைச் சரி செய்துகொண்டே சந்தைக் குறுக்காகக் கடந்தாள். எக்லீமின் வாசலில் நின்று மணியை நோக்கிக் கையை உயர்த்தினாள். உயர்த்திய கை அப்படியே நின்றது. யதுல்லா அதற்கு மேல் பார்க்கவில்லை. பார்க்கத் தனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்து தூபாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டு முடித்துவிட்டு அடுப்பை அணைத்தாள். அன்று இருவருக்கும் தனித்தனியாகத் தட்டு வைத்தாள். முப்பது வருஷத்தில் அப்படிச் செய்ததில்லை.

"நான் போறேன். உங்களுக்காக இல்ல, எனக்காக. தினார் ரெண்டு பங்கையும் எடுத்துட்டுப் போறேன். என் பங்கு எனக்கு. உங்க பங்க அங்க தண்ணி குடுக்குறவங்ககிட்ட குடுத்துருவேன். யாரு குடுத்ததுன்னு சொல்ல மாட்டேன்."

"சரி."

"நாதிர் கத்துவான்."

"கத்தட்டும்."

வெள்ளிக்கிழமை காலை பஸ் மசூதி முன்னால் நின்றது. சந்தே அங்கே கூடியிருந்தது. யாரோ குர்ஆனை உயர்த்திப் பிடிக்க, போகிறவர்கள் ஒவ்வொருவராக அதன் கீழே குனிந்து ஏறினார்கள். எக்லீம் தண்ணீர்ப் பாத்திரத்தோடு தயாராக நின்றாள், போனவர்கள் நல்லபடியாகத் திரும்பட்டும் என்று பஸ் கிளம்பும்போது பின்னால் ஊற்ற. அவள் கண்கள் வீங்கியிருந்தன. யதுல்லாவை ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாஹ்ருக் வரவில்லை.

தூபா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். யதுல்லா அவளுடைய பையை உள்ளே கொடுத்துவிட்டுக் கீழேயே நின்றார்.

"உஸ்தா, ஏறுங்க! இடம் போயிரும்!" ஹாஜி முராத் சத்தம் போட்டார்.

"நான் வரல ஹாஜி."

"என்னது! சாமான் ஏத்திட்டு வரலங்கிறீங்க? கால்ல ஆணியா?"

"எனக்கு ஹலால் கெடைக்கல."

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். ஹாஜி முராத் முகத்தில் அதிர்ச்சியோடு ஒரு ஆவலும் ஏறியது.

"உங்களுக்கா? உங்களுக்கா குடுக்கல? கர்பலா போற மனுசனுக்கு ஹலால் இல்லன்னு சொல்ற அளவுக்குக் கல்மனசு யாருக்கு இருக்கு இந்தத் தெருவுல?" அவர் கண்கள் கூட்டத்தைத் துழாவின. யார் வரவில்லை என்று எண்ணிப் பார்ப்பது தெரிந்தது. நாலு வீட்டுக்குத்தானே போனார். மூன்று வீட்டார் இங்கேயே நிற்கிறார்கள். இன்னும் ஒரு நிமிஷம் போனால் ஹாஜியே கண்டுபிடித்துவிடுவார். அவர் கண்டுபிடித்தால் ஊர் கண்டுபிடிக்கும். தகப்பனும் போய், புருஷனும் இல்லாமல், மனசும் கல்லாகிப் போனவள் என்று அந்தப் பெண்ணின் மேல் இன்னொரு பேர் விழும்.

யதுல்லா தரையைப் பார்த்தார். தார்ச்சாலையில் யாரோ சிந்திய தேநீர். பஸ்ஸின் முன் சக்கரம். தூபா ஜன்னல் வழியாகத் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

அவர் தலையைத் தூக்கினார்.

"குடுக்காதவங்க மேல தப்பு இல்ல, ஹாஜி. சப்ஸ்அலி பொண்ணோட கல்யாணத்தக் கெடுத்தது நான்."

எஞ்சின் உறுமத் தொடங்கியிருந்தது. ஹாஜி முராத் காதுக்குப் பின்னால் கையை வைத்து, "என்ன சொன்னீங்க? கேக்கல!" என்றார்.

யதுல்லா ஓரடி முன்னால் போய், எல்லோருக்கும் கேட்கும்படி, அதை மறுபடியும் சொன்னார்.